மிசிசிப்பி ஜான் ஹர்ட்: எதிலிருந்து தொடங்குவது?

பழையதட்டு: அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் பாடகர், கிடார்காரர் ஜான் ஹர்ட்டை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருப்பவர் எதை முதலில் கேட்பது என்று கேட்டிருந்தார். 1928-இல் ஓக்கே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடியதைக் கேளுங்கள். கிடைப்பதே 13 பாட்டுதான், ஒரே மூச்சில் முடிந்துவிடும். எழுபது வயதில் பாடிப் பதிந்ததையெல்லாம் மரியாதைக்குக் கேட்கலாம்.

கிடார்கிறுக்கன்: மரியாதைக்கா? ரொம்ப ஓவர். அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான், அதிலும் பாதி இரைச்சல். 1966-இல் வந்த 'டுடே!' ஆல்பத்தை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறித் தாளம் போட்டுக்கொண்டே இருக்க, அதைக் கண்டுகொள்ளாமல் மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும், ஒரே ஆள்தான் என்று நம்பவே முடியாது.

பழையதட்டு: அந்தக் கட்டைவிரல் 1928-லேயே இருக்கிறது சார், இன்னும் வேகமாக. அப்போது பாடிய 'ஃபிராங்கி' பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

செவிச்செல்வி: இவரை ப்ளூஸில், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக இசையில், சேர்ப்பதே எனக்கு ஒப்பவில்லை. ப்ளூஸ் பாடகர்கள் சார்லி பேட்டன், சன் ஹவுஸ் பாடினால் அடிவயிறு கலங்கும். இவர் பேரனுக்குக் கதை சொல்கிற மாதிரி பாடுகிறார். ஊர் நடனங்களில் வெள்ளைக்காரப் பிடில்காரர் வில்லி நார்மரோடு வாசித்தவர், ஓக்கேயிடம் இவரைச் சிபாரிசு செய்ததும் அவர்தான். நாட்டுப்பாடகர் என்றால் சரி.

கிடார்கிறுக்கன்: கத்தினால்தான் ப்ளூஸா? 'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்' என்ன சொல்கிறது? இயந்திரத்தோடு போட்டி போட்டுச் செத்ததாகக் கதைகளில் வரும் தொழிலாளி ஜான் ஹென்றியைக் கொன்ற சம்மட்டி என்னைக் கொல்லாது, இதைக் கேப்டனிடம் (மேஸ்திரியிடம்) கொடுத்துவிடு, நான் கிளம்பிவிட்டேன் என்கிறது. குரலை உயர்த்தாமல் வேலையைத் தூக்கியெறிகிறார் அம்மா, இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழையதட்டு: அது 1928 பாட்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'அவலான் ப்ளூஸ்' என்ற தட்டில் சொந்த ஊர்ப் பெயரைப் பாடியிருந்ததால்தான், 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ப்ளூஸ் ரசிகர் அந்த ஊருக்கே தேடிப் போய் இவரைப் பிடித்தார். தட்டு இல்லையென்றால் உங்கள் ஆல்பம் ஏது?

கிடார்கிறுக்கன்: தட்டுக்கு நன்றி சொல்லலாம், அதற்காக அதைத்தான் முதலில் கேட்க வேண்டுமா? முப்பத்தைந்து வருடம் கம்பெனிக்காரன் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, மனிதர் வயலில் கிடந்தார். அப்புறம் கிடைத்தது மூன்றே வருடம், 1966-இல் போய்விட்டார். அந்த அவசரத்திலும் எவ்வளவு நிதானமாக வாசித்திருக்கிறார்!

செவிச்செல்வி: சரி, 'லூயிஸ் காலின்ஸ்' 1928-லும் இருக்கிறது, 'டுடே!'யிலும் இருக்கிறது. புதிதாகக் கேட்பவர் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்து அவரே சொல்லட்டும். கொலைப் பாட்டு அது, மெட்டு மட்டும் தாலாட்டு.