வேலூரில் ஒநேகின் ஓபரா போட்டால் யாருக்காவது புரியுமா?

காட்பாடிக்காரன்:

வணக்கம். திட்டுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் 16 பேர். அதில் ஓர் அக்கா முறையாக மேற்கத்தியக் குரலிசை கற்றவர், டெனர் (ஆண்களின் உச்சக் குரல்) பாடுகிற தம்பி ஒருவன் இருக்கிறான், பியானோ ஒன்றும் இருக்கிறது (மழைக்காலத்தில் இரண்டு கட்டைகள் ஒட்டிக்கொள்ளும்). இதை வைத்துக்கொண்டு ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் 'யெவ்கேனி ஒநேகின்' ஓபராவிலிருந்து (ஓபரா என்றால் முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம்) ஒரு மணி நேரத்துக்குச் சில காட்சிகளை மேடையேற்ற ஆசை. ரஷ்ய மொழியிலேயே பாடுவதா, தமிழாக்கிப் பாடுவதா? வரப்போகிறவர்களில் பாதிப் பேர் ஓபரா என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள், எங்கள் ஆயா உட்பட. "சண்டை வருமா" என்று மட்டும் கேட்டது. துப்பாக்கிச் சண்டையே வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

குடியாத்தம் டாக்டர்:

இதில் கிறுக்குத்தனம் எதுவும் இல்லை தம்பி. இந்த ஓபராவை 1879இல் மாஸ்கோவில் முதன்முதலாகப் போட்டதே இசைக்கல்லூரி மாணவர்கள்தான். ஓபரா என்று சொல்லாமல் 'உணர்ச்சிக் காட்சிகள்' என்ற மாதிரி ஒரு பெயரைத்தான் சைக்கோவ்ஸ்கியே இதற்கு வைத்தார்.

நான் எம்.பி.பி.எஸ். படித்தது ரஷ்யாவில், அங்கே மாடிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். எனக்குக் கதை பாதி புரியவில்லை. மொழி தெரியாததால் இல்லை, அப்போது ஓரளவு பேசுவேன். தாத்யானா ஒநேகினுக்குக் காதல் கடிதம் எழுதுகிறாள், அவன் மறுத்துவிடுகிறான். இரண்டாம் அங்கத்தில் ஒநேகின் சுட்டு அவனுடைய நண்பன் லென்ஸ்கி சாகிறான், இடைவேளை முடிந்து திரும்பி வந்தால் பெரிய மாளிகையில் நடனம், கிராமத்துப் பெண் தாத்யானா இளவரசர் கிரேமினின் மனைவியாக நிற்கிறாள். நடுவில் வருடங்கள் ஓடிவிட்டன, எப்போது கல்யாணம், யார் பேசி முடித்தார்கள், எதுவும் மேடையில் இல்லை. எனக்குப் பக்கத்து இருக்கை அம்மாவுக்கு அதில் குழப்பமே இல்லை. கவிஞர் புஷ்கினின் மூலக்கதை அவர்களுக்குப் பள்ளிப் பாடம், தாத்யானாவின் கடிதத்தை மனப்பாடம் செய்துதான் வளர்கிறார்கள், அந்த அம்மா பாடகியோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். அதனால் வெளியூர்க்காரர்களுக்குப் போடும்போது சொல்லுக்குச் சொல் அர்த்தம் கொடுப்பதைவிட அந்த இடைவெளிகளை யாராவது அடைத்தாக வேண்டும் என்பது என் கட்சி.

உச்சரிப்பு பற்றி ஒன்று. பாட்டைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள், 'க' என்று எழுதியது எங்கே 'k', எங்கே 'g' என்று தெரியாமல் போய்விடும். காதால் கேட்டுப் பழகுங்கள். அழுத்தம் விழாத ஒகரம் அகரமாகிவிடும், 'ஒநேகின்' என்பதே அவர்கள் வாயில் 'அன்யேகின்'தான். வெள்ளைக்காரர்கள் திணறுகிற அந்த 'ы' என்ற உயிரெழுத்து மட்டும் நமக்குச் சுலபம், 'பாட்டு' என்பதன் கடைசியில் வரும் குற்றியலுகரம் கிட்டத்தட்ட அதேதான்.

செய்யாறு கூத்துப்பித்தன்:

டாக்டர் சார் சொன்னதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கதையும் அதேதான். விடிய விடிய கர்ண மோட்சம் தெருக்கூத்து நடக்கிறது என்றால் கர்ணன் யார் பெற்ற பிள்ளை என்று எவனும் கேட்பதில்லை. பாரதம் தெரியாத ஒருவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனால் அவனுக்கும் கூத்தில் ஆள் இருக்கிறான், கட்டியக்காரன். ராஜா திரைக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருக்கும்போதே "யாரப்பா நீ, எந்த ஊரு, எதுக்கு வந்த" என்று கேட்டு எல்லாவற்றையும் அவர் வாயாலேயே பிடுங்கிவிடுவான். ரஷ்யப் பாட்டைத் தொடாதீர்கள். காட்சிக்குக் காட்சி நடுவில் கட்டியக்காரனை விடுங்கள், நம்ம ஊர்த் தமிழில் கதை சொல்லட்டும், கிரேமின் கல்யாணத்தையும் அவனே முடித்து வைக்கட்டும்.

இன்னொன்று. தாத்யானா இரவெல்லாம் விழித்துக் கடிதம் எழுதி முடிக்கும்போது விடிந்துவிடும், தூரத்தில் இடையன் குழல் ஊதுவான். அதை ஓபோ என்ற மேற்கத்திய ஊதுகருவியில் வாசிப்பார்கள். ஓபோவும் நம் கூத்தில் ஊதுகிற முகவீணையும் சீவாளி வைத்து ஊதுகிற ஒரே சாதி. யோசித்துப் பாருங்கள்!

சத்துவாச்சாரி பியானோ டீச்சர்:

முகவீணை நல்ல யோசனைதான் அண்ணா, பியானோ சுருதிக்குச் சேர்ந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சேராவிட்டால் இடையன் மாட்டை விரட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் கட்டியக்காரன் கடிதக் காட்சிக்குள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரு பெண் தனியாக நிற்கிறாள், எழுதுகிறாள், கிழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். அதில் ஒரு தும்மல் வந்தாலும் போச்சு.

தமிழில் பாடுவது பற்றி: நான் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கடிதக் காட்சியில் தாத்யானாவின் தனிப்பாட்டு 'புஸ்காய் பகீப்னு யா' என்று தொடங்கும், நான் அழிந்தாலும் அழிகிறேன் என்று அர்த்தம். ரஷ்யச் சொல்லின் அழுத்தம் விழும் இடத்தில் அவர் இசையின் அழுத்தத்தை வைத்திருக்கிறார். நமக்கு அழுத்தம் கிடையாது, குறில் நெடில்தான். நான் எழுதிய வரியில் 'அழிந்தாலும்' என்பதன் 'அ' நீண்ட சுரத்தில் மாட்டிக்கொண்டு 'ஆழிந்தாலும்' ஆனது. என் மாணவி அதைப் பாடிவிட்டுச் சிரித்த சிரிப்பில் அன்றைய வகுப்பே முடிந்தது.

திரை ஓரத்து ஆள்:

புரொஜெக்டரில் தமிழ் வரிகள் போடலாமே என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். 1983இல் டொராண்டோவில் ஆரம்பித்த வழக்கம், இப்போது எல்லா ஊரிலும் உண்டு. வேறொரு இசை நாடகத்துக்கு நான் அந்த வேலை பார்த்தேன், இசைக்குறிப்பு படிக்கத் தெரியாமல். பதற்றத்தில் பொத்தானை இரண்டு முறை அமுக்கிவிட்டேன். துப்பாக்கியே வெடிக்கவில்லை, மேலே "ஐயோ, செத்துவிட்டானே" என்று வந்துவிட்டது. செய்வதாக இருந்தால் இசைக்குறிப்பைப் பார்த்து ஓட்டத் தெரிந்தவரை உட்கார வையுங்கள்.

குடியாத்தம் டாக்டர்:

கடைசிக் காட்சி பற்றி ஒரு எச்சரிக்கை. ஒநேகின் காலில் விழுந்து கெஞ்சும்போது தாத்யானா, உன்னை இன்னும் விரும்புகிறேன், ஆனால் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டவள், அவருக்கே உண்மையாக இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நம் ஊரில் இதற்குக் கைதட்டல் நிச்சயம், பத்தினி என்று கொண்டாடிவிடுவார்கள். இசை அப்படிக் கொண்டாடவில்லை. அது இரண்டு பேரும் தோற்கிற இசை. கட்டியக்காரன் அங்கே புத்திமதி சொல்லாமல் இருந்தால் போதும்.

காட்பாடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பாட்டு ரஷ்ய மொழியில், கதை கட்டியக்காரன் வாயில், கடிதக் காட்சியில் அவன் மேடையிலேயே இல்லை. பித்தன் அண்ணா, முகவீணைக்கு உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். டூயலை, அதாவது அந்தத் துப்பாக்கிச் சண்டையை, பனிக்கோட்டு இல்லாமல்தான் போடப் போகிறோம், வேலூர் வெயிலில் லென்ஸ்கி சுடப்படுவதற்கு முன்பே விழுந்துவிடுவான்.

நேற்று ஆயாவிடம் கடிதக் காட்சியைச் சொன்னேன். தாத்யானா தன்னை வளர்த்த கிழவியிடம் "நீ யாரையாவது விரும்பினாயா" என்று கேட்கிறாள், அதற்கு அந்தக் கிழவி, எனக்குக் கல்யாணம் ஆனபோது 13 வயது என்கிறாள். ஆயா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டது, "மாப்பிள்ளைக்கு?" அவளைவிடச் சின்னவன் என்றேன்.

"அங்கேயுமா" என்றது.