பாசல் நகரின் கஞ்சா ஆய்வு: 0.8 புள்ளியை எப்படிப் படிப்பது?

கேள்வி:
சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2023 ஜனவரியில் தொடங்கிய ஆய்வைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே கஞ்சா பயன்படுத்திவந்த 374 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினர் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ள அனுமதித்தார்கள். மற்றவர்கள் முதல் ஆறு மாதம் கள்ளச்சந்தையையே நம்பியிருந்தார்கள். முடிவில், கஞ்சாவால் வரும் சிக்கல்களை அளக்கும் வினாப்படிவத்தில் மருந்துக்கடைப் பிரிவினரின் சராசரி மற்றவர்களுடையதைவிடச் சுமார் 0.8 புள்ளிதான் குறைவு. சட்டப்படி கிடைத்தால் தீங்கு குறையும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டலாமா?

பதில் 1:
காட்டலாம், ஆனால் அடக்கி வாசிக்க வேண்டும். எட்டுக் கேள்விகளும் 32 புள்ளிகளும் கொண்ட வினாப்படிவத்தில் கிடைத்த வேறுபாடு அது. எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள் என்பதோடு, தொடங்கிய பின் நிறுத்த முடியாமல் போனதுண்டா, நினைவோ கவனமோ தடுமாறியதா, போதையில் வண்டி ஓட்டியதுண்டா என்றெல்லாம் அப்படிவம் கேட்கும். 32-க்கு 0.8 என்பது சிறிது. புள்ளியியல் கணக்கிலும், வேறுபாடு வெறும் தற்செயல் அல்ல என்று ஏற்க வைத்திருக்கும் 0.05 என்ற வழக்கமான எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. வேறு போதைப்பொருள்களையும் சேர்த்து எடுப்பவர்களிடம் மட்டும் குறைவு தெளிவாகத் தெரிந்தது. துணைக்குழுவில் கிடைத்த முடிவு என்பதால், அதை நான் அடுத்த ஆய்வுக்கான கருதுகோளாகவே எடுத்துக்கொள்வேன்.

பதில் 2:
எனக்கு உறுத்துவது வேறொன்று. தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும். விடைகளும் அவர்களே சொன்னவை. ஆய்வு நன்றாக அமைந்தால் சட்டம் மாறும் என்று எதிர்பார்க்கும் ஒருவர், தம் சிக்கல்களைச் சற்றுக் குறைத்துச் சொல்ல இடமுண்டு. அதோடு, விளம்பரத்துக்குத் தடை, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இடமில்லை, போதைத்திறனைக் கணக்கில் கொண்டு விலை, பயிற்சி பெற்ற பணியாளர் என்று அந்த விற்பனையே கட்டுக்குள் நடந்தது. தெருவுக்கொரு கடை திறந்தாலும் இதே விளைவுதான் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது.

பதில் 3:
முந்தைய நண்பர் சொன்னதோடு ஒன்று. இவர்கள் அனைவரும் ஏற்கெனவே பழகியவர்கள். சட்டம் தளர்ந்தபின் புதிதாகத் தொடங்குபவர்களின் எண்ணிக்கை கூடுமா என்பதை இந்த வடிவமைப்பு தொடவே இல்லை. அதற்கு, 2018 அக்டோபர் 17 முதல் பொது விற்பனையை அனுமதித்த கனடாவைப் போல, மக்கள்தொகை முழுவதையும் பல ஆண்டுகள் கவனிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ‘தீங்கு குறைந்தது’ என்று எழுதியிருந்த வரியை நீக்கிவிட்டு, ‘ஏற்கெனவே பயன்படுத்துவோரிடம், கள்ளச்சந்தையோடு ஒப்பிட்டால், ஆறு மாதத்தில் நிலை மோசமாகவில்லை; சற்றுக் குறைந்திருக்கவும் கூடும்’ என்று மாற்றியிருக்கிறேன்.