மறுமொழி: பிரேக், கிளட்ச் ‘பிளீடிங்’ – காற்றெடுப்பு எனலாமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பிரேக், கிளட்ச் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும் ‘பிளீடிங்’ வேலைக்கு, அந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பான குருதிவடிப்பு, காற்று வடிப்பு, காற்றுநீக்கம் என்று மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டிருக்கின்றன. முதலாவதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பட்டறையில் போய்ச் சொன்னால் யாருக்குக் கையில் வெட்டுப்பட்டது என்றுதான் கேட்பார்கள். மற்ற இரண்டையும் எடைபோடுவதற்கு, வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

பெடலை மிதிக்கும்போது அதனோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் என்ற உருளையில் எழும் அழுத்தம் சக்கரங்கள்வரை குறையாமல் போய்ச் சேர்வதற்குக் காரணம், இடையில் உள்ள திரவம் ஏறக்குறைய அமுங்குவதே இல்லை என்பதுதான். காற்று அமுங்கும். ஆகவே வழியில் ஒரு குமிழி நின்றாலும் மிதியின் ஒரு பகுதி அதை நசுக்குவதிலேயே செலவாகிவிட, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகிறது; இரண்டு மூன்று முறை அடித்து மிதித்த பிறகே பிரேக் பிடிக்கிறது. கிளட்சில் இதே கோளாறு வேறு விதமாகத் தெரியும்: பெடல் தரையைத் தொட்டாலும் கிளட்ச் முழுமையாக விடுபடாததால் கியர் விழ மறுக்கும், ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று பல் உரசும்.

இதைச் சரிசெய்ய, சக்கரத்தருகே உள்ள நிப்பிள் என்ற சிறு துளைத்திருகில் ஒளி ஊடுருவும் சிறு குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் திரவம் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைக்கிறார்கள். ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, கீழே இருப்பவர் நிப்பிளைச் சற்றே தளர்த்துகிறார். குமிழிகள் கலந்த திரவம் குழாயில் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. நிப்பிளை மீண்டும் இறுக்கிய பிறகே மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும்; முந்திக்கொண்டால் காற்று மறுபடியும் உள்ளே ஏறிவிடும். மேலே உள்ள திரவத் தொட்டி வற்றிவிட்டாலும் கதை அதேதான். காற்று மேல்நோக்கிச் செல்லும் என்பதால் நிப்பிள் எப்போதும் காலிப்பரின் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதியின்) உச்சியில் இருக்கும். இடது வலது காலிப்பர்களை மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் அடிப்பக்கம் போய்விடும், பிறகு எத்தனை பாட்டில் திரவத்தைச் செலவழித்தாலும் பெடல் இறுகாது.

சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பட்டறையில் இதைச் செய்பவர்கள் வேலைக்குப் பெயர் தேடிக்கொண்டு நிற்கவில்லை. ‘ஏர் எடுக்கணும்’ என்கிறார்கள். டீசல் தீர்ந்து நின்றுபோன வண்டியின் எரிபொருள் குழாயிலிருந்து காற்றைப் போக்குவதற்கும் அவர்களிடம் இதே வினைதான். ‘பிளீடிங்’ என்பது பெரும்பாலும் சர்வீஸ் சென்டர் பில்லில் வரும் சொல். ஆகவே ‘காற்றெடுப்பு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

எடுத்தல் என்றால் உள்ளே வாங்குவது என்றும் பொருள்படுமே, எஞ்சின் காற்றை உள்ளிழுப்பதோடு குழம்பாதா என்று பேராசிரியர் ஐயா கேட்டிருக்கிறார்கள். நியாயமான ஐயம். ஆனால் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் பொருளோடு சேரும்போது ‘எடு’ என்பதற்குத் தமிழில் அகற்றுதல் என்ற பொருள்தான்: களையெடுக்கிறோம், முள்ளெடுக்கிறோம், சிக்கெடுக்கிறோம், பேனெடுக்கிறோம். களையெடுப்பு என்ற பெயர்ச்சொல்லைக் கேட்டு யாரும் களையை வீட்டுக்குக் கொண்டுவருவதாக நினைப்பதில்லை. எஞ்சினுக்கு ‘உள்ளிழுப்பு’ என்பதைத் தனியே வைத்துக்கொண்டால் மோதல் இல்லை.

காற்று வடிப்பு பொருந்தாது, வடிப்பது நீர்மத்தைத்தான். மேலும், பழைய திரவத்தை முழுவதும் வடித்துப் புதியது நிரப்பும் வேலையும் அதே நிப்பிள் வழியாகவே நடப்பதால், இரண்டும் ஒன்றென்ற எண்ணத்தை அச்சொல் வளர்க்கும். திரவ மாற்றத்துக்குக் காரணம் காற்று அல்ல, ஈரம். டாட் 3, டாட் 4 என்ற தரக்குறியீடுகளில் வரும் பிரேக் திரவங்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்பவை. டாட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஏறக்குறைய 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலைக்கு 155 டிகிரி போதும் என்று தரவிதியே இறக்கி வைத்திருக்கிறது. கடற்காற்றில் ஊறும் சென்னைக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. சூட்டில் அந்த நீர் ஆவியானால் ஆவியும் காற்றைப்போல அமுங்கும்.

காற்றுநீக்கம் நல்ல சொல்தான். ஆனால் ஏசியில் கேஸ் நிரப்புமுன் வெற்றிடப் பம்பு வைத்துக் குழாயைக் காலி செய்யும் வேலைக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டு வேலையும் ஒரே பட்டறையில் நடப்பவை. அதை அங்கேயே விட்டுவைப்பது நல்லது.

பக்கத்துச் சொல் ஒன்றையும் இப்போதே தீர்த்துவிடலாம். ‘பிரேக் ஆயில்’ என்ற வழக்கை அப்படியே பெயர்த்துப் ‘பிரேக் எண்ணெய்’ என்று அகராதியில் ஏற்றுவதை நான் எதிர்க்கிறேன். டாட் 3, டாட் 4 திரவங்கள் எண்ணெய் அல்ல, கிளைக்கால் ஈதர் என்ற வேதிப்பொருள் சார்ந்தவை. எஞ்சின் ஆயிலும் ஓர் எண்ணெய்தானே என்று யாராவது அதைத் தொட்டியில் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிப் பிரேக்கே போய்விடும். ‘பிரேக் திரவம்’ என்றே இருக்கட்டும்.

காற்றெடுப்பை ஏற்றால் கிளைச்சொற்கள் எளிதில் வருகின்றன. நிப்பிளுக்குக் காற்றெடுப்புத் திருகு; நிப்பிள் பக்கமிருந்து பம்பினால் இழுக்கும் முறைக்கு உறிஞ்சு காற்றெடுப்பு; தொட்டிப் பக்கமிருந்து அழுத்தித் தள்ளும் முறைக்கு அழுத்தக் காற்றெடுப்பு; நிப்பிளைத் திறந்து தானாக வடியவிடும் முறைக்கு ஈர்ப்புக் காற்றெடுப்பு. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சில வண்டிகளில் ஸ்கேனர் என்ற மின்னணுச் சோதனைக் கருவியை இணைத்து உள்வால்வுகளை இயக்கினால்தான் அங்கே தங்கிய காற்று வெளிவரும். அதற்கு எனக்குத் திருப்தியான சொல் இன்னும் அமையவில்லை, ‘கருவிவழிக் காற்றெடுப்பு’ சற்றுப் பொதுப்படையாக இருக்கிறது. வால்வு என்பதைக் கொண்டு யாரேனும் ஒன்று அமைத்துத் தந்தால் ஐந்தையும் சேர்த்தே பதிவு செய்துவிடலாம்.