ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு நீராகாரம்: நம்ம பக்கத்து வெக்கைக்கு எத்தனை மணி நேரம்?

தொண்டிக்கரை:
அம்மாவுக்கு 62 வயசு. ஏழு நாள் ஆன்டிபயாடிக் முடிஞ்சு அஞ்சு நாளாச்சு, இன்னும் தினம் மூணு நாலு தடவை இளக்கமாப் போகுது. காய்ச்சல், ரத்தம் இல்லை. நீராகாரம் குடுத்தா குடலுக்கு நல்ல கிருமி வரும்னு சொல்றாங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஊத்தினா காலைல நுரைச்சுக் கடும் புளிப்பாயிடுது. வீட்ல கிணத்து உவர்த்தண்ணிதான். எப்படி ஊத்தணும்? புரோபயாடிக் மாத்திரை வாங்கணுமா?

பாம்பன்காத்து:
தம்பி, பானைக்கு முன்னால டாக்டர். ஆன்டிபயாடிக் நம்ம குடல் கிருமிகளையும் சேர்த்து அழிச்சிடும். அந்தக் காலி இடத்துல குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில்ங்கிற கிருமி பெருகினா இப்படித்தான் போகும், மாத்திரை நிறுத்திச் சில வாரம் கழிச்சும் வரலாம். அம்மா வயசுக்கு மலப் பரிசோதனை கேளுங்க. அதுவரை பேதியை நிறுத்துற மாத்திரையை நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க.

பேதியில போற நீரையும் உப்பையும் ஈடுகட்டுற ஓஆர்எஸ் பொடியைக் கலக்க உவர்த்தண்ணி வேண்டாம். அதுல ஏற்கெனவே உப்பு இருக்கு, கரைசலோட அளவே மாறிடும். நல்ல தண்ணியைக் காய்ச்சி ஆறவெச்சு, பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுக்கே கலக்குங்க. 1 லிட்டர் பாக்கெட்டை டம்ளர் டம்ளராப் பிரிச்சுக் கலக்கக் கூடாது.

உறைப்பானை:
நீராகாரத்துக்கும் அதே தண்ணிதான். உவர்த்தண்ணியில காரம் இருந்தா ஊறுற அமிலத்தை அது முறிச்சிடும். புளிப்பு ஏறத் தாமதமாகும், அந்த இடைவெளியில வேண்டாத கிருமி வளரும்.

வடிச்ச சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தண்ணி ஊத்துங்க. சோத்துக்கு மேல ரெண்டு விரக்கடை நிக்கணும். மதியச் சோத்தைச் சட்டியிலேயே விட்டு ராத்திரி ஊத்துறதுதான் பெரிய தப்பு. அரிசியில இருக்கிற பேசில்லஸ் செரியஸ்ங்கிற கிருமியோட வித்து வேகவெச்சாலும் சாகாது, வெதுவெதுப்புல முளைச்சு நஞ்சு விடும். அதுல ஒரு நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

இந்த வெக்கைக்கு 8 மணி நேரம் தாராளம். பத்து மணிக்கு ஊத்தி ஆறு மணிக்கு எடுங்க. உப்பு காலைல போதும். நூல் விட்டாலோ, இளஞ்சிவப்பு, கருப்புப் புள்ளி தெரிஞ்சாலோ, புளிப்பு வாடையில்லாம கெட்ட வாடை வந்தாலோ கொட்டிடுங்க. சுட வைக்காதீங்க, புளிக்க வைக்கிற லாக்டிக் கிருமி செத்துடும்.

தொண்டிக்கரை:
நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறோம். மாத்திரை?

பாம்பன்காத்து:
அவர் சொன்னா மட்டும். மாத்திரையிலயோ தயிர்லயோ நீராகாரத்திலயோ வர்ற கிருமி பெரும்பாலும் குடல்ல தங்காது, கடந்து போயிடும். ஏற்கெனவே உள்ள இருக்கிறதுக்குத் தீனி போடுறதுதான் முக்கியம். நமக்குச் செரிக்காத நாரையும் மாவையும் அது பெருங்குடல்ல நொதிக்க வெச்சு பியூட்டிரேட்ங்கிற கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும், பெருங்குடல் உட்சுவர் செல்லுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். ஆறின சோத்துல அந்தச் செரிக்காத மாவு கொஞ்சம் கூடும்.

வயிறு கட்டுற வரை வேகவெச்ச வாழைக்காயை மசிச்சுக் குடுங்க, அதுவும் அதே மாதிரி மாவுதான். குண்டு மிளகாய் வறுத்துத் தொட்டுக்கிறதை நிறுத்துங்க. கட்டின பிறகு சின்ன வெங்காயம் ரெண்டு, அப்புறம் தட்டப்பயறு, குதிரைவாலின்னு வாரத்துக்கு ஒண்ணாக் கூட்டுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டா வயிறு உப்பிக்கும்.