மழை பெய்தால் கீழ் மண்டபத்துக்கு நெட் விழுகிறது: 130 மீட்டர் கேபிள், உதவி தேவை

கேள்வி (ஹட்டன் பக்கம்)
தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மண்டபத்தில் கணினி வகுப்பு நடக்குது. ரவுட்டர் மேலே அலுவலக அறையில். அங்கிருந்து கெட்6 கேபிள் ஒரே இழுவையாக ஏறக்குறைய 130 மீட்டர், மரத்துக்கு மரம் கட்டி இறக்கியிருக்கு. கீழே 8 போர்ட் சுவிட்ச், 6 கணினி. வெயில் நாளில் ஓரளவு ஓடும். மழை பிடித்தால் லைன் விழுந்து விழுந்து எழும்புது, கணினிகளில் 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரி காட்டுது. சுவிட்சை மாற்றியும் பார்த்தாச்சு. நடுவில் ஏதும் பூஸ்டர் போட்டால் சரிவருமா?

பதில் 1 (பண்டாரவளை)
169.254 வந்தால், ரவுட்டரிடம் ஐபி கேட்ட கணினிக்குப் பதில் வந்து சேரவில்லை, அது தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கணினியில் பிழை இல்லை. ஒரு லெப்டொப்பை மேலே கொண்டுபோய் ரவுட்டரில் சின்னக் கேபிளால் கொழுவிப் பாருங்கள். ஐபி சரியாக வந்தால் ரவுட்டரும் நல்லது. மிஞ்சுவது அந்த 130 மீட்டர்தான்.

கெட்6க்கு எல்லை 100 மீட்டர்: நிலையாக இழுத்தது 90, இரண்டு முனையிலும் கொழுவும் சின்னக் கேபிள்கள் 10. அதைத் தாண்டினால் சிக்னல் தேய்ந்துவிடும், லைட் எரிந்தாலும் விளிம்பில்தான் நிற்கும். வீட்டுக்குள் போடும் கேபிளின் உறை வெயிலில் வெடிக்கும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் இழப்பு கூடும். விளிம்பில் நின்ற லைன் அப்போது விழத்தான் செய்யும்.

பதில் 2 (நுவரெலியா)
கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், மடித்தால் முறியும். வெளியில் இழுக்க அது வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்
சுரண்டினேன் சேர், வெள்ளைதான். 60 மீட்டரில் ஒரு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) கரண்ட் இருக்கு. நல்ல செம்புக் கேபிள் வாங்கி அங்கே ஒரு சுவிட்ச் வைக்கலாமா?

பதில் 1
தூரம் தீரும், இடி தீராது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் உங்கள் பக்கம் எப்படி என்று தெரியும்தானே. இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு. கிட்ட மின்னல் விழுந்தால் அந்த வித்தியாசம் செம்பு வழியே ஓடி, இரு பக்கத்துப் போர்ட்டையும் எரிக்கும், கணினிகளையும் சேர்த்து எரிக்கலாம். பிள்ளைகளின் கணினிகளை அந்த ஆபத்தில் வைக்காதீர்கள், ஃபைபர் போடுங்கள். அது ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை, மின்சாரம் அதில் ஓடாது.

வாங்க வேண்டியது: இரண்டு இழை சிங்கிள் மோட் ட்ரொப் கேபிள் 150 மீட்டர், முனைகளில் எஸ்சி கனெக்டர் பொருத்தியது, ஒற்றை இழையில் ஓடும் ஜிகாபிட் மீடியா கன்வர்ட்டர் (கேபிள் சிக்னலை ஒளியாகவும், ஒளியைத் திரும்பச் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) ஒரு ஜோடி. ஒன்று ஏ, மற்றது பி: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பும், மற்றது 1550இல். இரண்டும் ஏயாக வாங்கினால் ஒருநாளும் லிங்க் வராது. இரண்டாவது இழை கைவசம் கிடக்கட்டும்.

கனெக்டர் நிறத்தையும் பாருங்கள். நீலம் நீலத்துக்கே, பச்சையின் முகம் சாய்வாக வெட்டியது, நீலத்தில் செருகினால் ஒளி வீணாகும். கேபிளோடு வரும் உருக்குக் கம்பியைக் கடைசிக் கம்பத்திலேயே பிரித்து நிறுத்துங்கள், கட்டடத்துக்குள் கொண்டுபோனால் மின்னலுக்கு மறுபடி வழி விட்டதாகும். காற்றுக்கு மரம் ஆடி இழையை இழுக்கும், ஆகவே கம்பம் நட்டுக் கட்டுங்கள். வளைவின் ஆரம் 3 சென்ரிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பதில் 3 (ஹப்புத்தளை)
இரண்டு கூரையும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் கேபிள் இல்லாமல் இரண்டு இடத்தை இணைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜும் சரிவரும். பனிமூட்டம் அதைத் தடுக்காது. குறுக்கே நிற்கும் ஈர இலைதான் தடுக்கும்.

கேட்டவர்
இடையில் சவுக்கு மரங்கள், அதனால் ஃபைபர்தான். போட்டபின் கன்வர்ட்டரில் ஃபைபர் லிங்கைக் காட்டும் எஃப்எக்ஸ் லைட் எரியாவிட்டால்?

பதில் 1
ஏயும் பியும் எதிரெதிரே இருக்கா, இரு முனையிலும் செருகியது ஒரே இழைதானா என்று பாருங்கள். பிறகு முனையை ஃபைபர் துடைக்கும் துணியால் துடையுங்கள், விரல் படவேண்டாம். ஒளி ஓடும் இழைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. எஃப்எக்ஸ் எரிந்து நெட் மட்டும் வராவிட்டால், கன்வர்ட்டருக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள சின்னக் கேபிளை மாற்றுங்கள்.