சேலத்துல வீட்டுக்கு எந்த நெட் போடலாம்? ஏற்காட்டுல எது நிக்கும்?

கோரிமேடு_மருமக:
வணக்கம் மக்களே. நானும் வீட்டுக்காரரும் பெங்களூர்ல இருந்து மூட்டை கட்டிட்டு கோரிமேட்டுக்கு குடி வர்றோம், ரெண்டு பேருக்கும் வீட்ல இருந்தே வேலை, அவருக்கு காலைல இருந்து ராத்திரி வரைக்கும் மீட்டிங், எனக்கு பெரிய பெரிய ஃபைல் அப்லோடு பண்ற வேலை, பையன் மூணாவது படிக்கிறான் அவன் யூட்யூப் தனிக்கணக்கு. மாமனாருக்கு மேல ஏற்காட்டுல நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டமும் ஒரு ஓட்டு வீடும் இருக்கு, ஏப்ரல் மே ரெண்டு மாசம் அங்கயே இருந்துடலாம்னு ஆசை, நெட் நின்னாத்தான் அது நடக்கும்.

இணையத்துல தேடுனா எந்த கம்பெனி நம்பர் ஒன்னுன்னு பத்து பக்கம் வருது, எல்லாம் டெல்லி பம்பாய் கதை. நம்ம ஊர்ல நிஜமா எது வேகம், எது அடிக்கடி புட்டுக்காது, போன் பண்ணா எவன் வந்து பாப்பான், இது மூணும்தான் எனக்கு வேணும். காசு கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் பரவால்ல.

செவ்வாப்பேட்டை_கொலுசு:
வேகத்தை நினைச்சு மண்டைய உடைச்சுக்காதீங்க. எங்க பட்டறையிலயே 100 எம்பிபிஎஸ் லைன் இருக்கு, கொலுசு டிசைன் போட்டோ அனுப்புறதுக்கு அதுல பத்துல ஒரு பங்கு போதும். போன வருசம் பாதாள சாக்கடைக்கு தோண்டுறப்ப கேபிள் போச்சு, ஆறு நாள் நெட் இல்ல, கம்பெனி பேர் வேணாம், நாலாவது நாளே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி"ன்னு எஸ்எம்எஸ் வந்துச்சு, எனக்கு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. கடைசியில வந்து சரி பண்ணது தெருவுல கேபிள் காசு வசூல் பண்ற பையன்தான், டீக்கு அம்பது ரூபா குடுத்தேன். அதனால கம்பெனிய பாக்காதீங்க, அந்தப் பையன் யாருன்னு பாருங்க.

ஃபைபர்_ஒட்டுறவன்:
கொலுசண்ணன் சொன்னதுதான் முக்காவாசி உண்மை. நான் பத்து வருசம் இந்த ஊர்ல கம்பம் ஏறி ஃபைபர் ஒட்டுனவன், மூணு கம்பெனிக்கு செஞ்சிருக்கேன், இப்ப அந்த வேலையில இல்ல, அதனால யாருக்கும் சொம்பு தூக்க வேண்டிய அவசியமும் இல்ல.

அக்கா முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கங்க. ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் எது எடுத்தாலும் வீட்டுக்கு வர்ற ஃபைபர் டெக்னாலஜி ஏறக்குறைய ஒன்னுதான். எக்ஸ்சேஞ்சுல இருந்து ஒத்த இழை உங்க ஏரியாவுக்கு வரும், அங்க ஸ்ப்ளிட்டர்னு கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்னு, அதுல 32 வீடோ 64 வீடோ பிரியும். அந்த ஒத்த இழையில இறங்கறது சுமார் 2.5 ஜிகாபிட், ஏறுறது 1.25 ஜிகாபிட். இதுல தெருவுக்குள்ள நெரிசல் ஆகறது குறைவு, ராத்திரி எட்டரை மணிக்கு இழுக்குதுன்னா அனேகமா அதுக்கு மேல, கம்பெனிக்காரன் ஊருக்கு எவ்வளவு வாங்கி வெச்சிருக்கான்ங்கறதுல இருக்கு. அதை எந்த விளம்பரத்துலயும் போட மாட்டான். பக்கத்து வீட்ல அதே கனெக்‌ஷன் இருந்தா ராத்திரி ஒன்பது மணிக்கு போயி ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க, காலைல பதினொரு மணிக்கு போடாதீங்க. அப்பறம் அந்த ஆப் தானா பக்கத்துல இருக்கற சர்வர எடுக்கும், பல சமயம் அது அதே கம்பெனி சர்வரு, மார்க்கு போடறவனும் அவங்க வீட்டுப் பையனாட்டம். சர்வர சென்னைக்கோ பம்பாய்க்கோ மாத்திப் போடுங்க.

100ன்னு காட்டுறது பிட்டு கணக்கு, எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு, அதனால டவுன்லோடுல நொடிக்கு 12.5 எம்பி வந்தா சரியா வருதுன்னு அர்த்தம், இதுக்கே மாசம் பத்து பேரு "ஏமாத்துறீங்க"ன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்திருக்காங்க. நெட்ஃபிளிக்ஸ் 4கே படம் ஒன்னுக்கு அவங்களே 15 எம்பிபிஎஸ்னுதான் சொல்றாங்க, வீடியோ மீட்டிங்குக்கு ஒரு ஆளுக்கு நாலு இருந்தா தாராளம். உங்களுக்கு 100 போதும், ஆனா அப்லோடும் 100 வருதான்னு கேளுங்க, உங்க வேலைக்கு அதான் உசுரு.

இப்ப முக்கியமான விசயம். லோக்கல் கேபிள்காரங்க சிலர் கம்பத்துல இருக்கற பெட்டி வரைக்கும்தான் ஃபைபர் கொண்டு வருவாங்க, அங்கிருந்து வீட்டுக்கு லேன் ஒயர். அந்தப் பெட்டிக்கு கரண்ட் வேணும். கரண்டு போனா பெட்டி அவுட்டு, இடி இடிச்சா போர்ட்டு அவுட்டு. ஃபைபர் நேரா வீட்டுக்குள்ள வந்தா நடுவுல கரண்டே தேவையில்ல, ஸ்ப்ளிட்டருக்கு உயிரெல்லாம் கிடையாது. அதனால "உள்ள வரைக்கும் ஃபைபரா"ன்னு கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க.

மாட்ட வர்றவன் கையில பவர் மீட்டர் இருக்கும். வெளிச்சம் எவ்வளவு வருதுன்னு அளக்கச் சொல்லுங்க. -19, -20 டிபிஎம் வந்தா ராஜா. -25 தாண்டுச்சுன்னா இன்னொரு தடவை ஒட்டச் சொல்லுங்க, -27க்கு அப்பறம் மழை பேஞ்சா சிவப்பு லைட்டு எரியும். ஒயர வாசக்கால் முனையில மடக்கி ஆணி அடிச்சாலே ரெண்டு மூணு குறைஞ்சுரும், அதையும் பாத்துக்கங்க.

கோரிமேடு_மருமக:
ஃபைபர் அண்ணா கோடி நன்றி. ஒரே ஒரு சந்தேகம், -19 நல்லது -27 மோசம்னா நம்பர் பெருசாக பெருசாக மோசமா? எங்க வீட்டுக்காரர் தலைகீழா புரிஞ்சுக்கிட்டு -30 வாங்கிக் குடுன்னு கேக்கறதா இருக்காரு.

ஃபைபர்_ஒட்டுறவன்:
ஆமாங்கா, மைனஸ்னா அப்படித்தான், கடன் மாதிரி வெச்சுக்கங்க. -30 கேட்டா மாட்ட வர்றவன் சந்தோசமா சைக்கிள எடுத்துட்டு போயிருவான்.

அம்மாபேட்டை_ஆளு:
இவ்வளவு படிக்கணுமா? ஏர்ஃபைபர் போடுங்க, ஒயரே இல்ல, மொட்டை மாடியில ஒரு டப்பா, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது. சாக்கடை தோண்டுனா நமக்கென்ன. எங்க வீட்ல ஒரு வருசமா ஓடுது, கிரிக்கெட் நல்லா வருது.

ஃபைபர்_ஒட்டுறவன்:
கிரிக்கெட் வரும் அண்ணா, அது ஒரு வழிப் பாதை. ஏர்ஃபைபர்ங்கறது அடிப்படையில 5ஜி, டவர்ல இருந்து காத்துல வர்றது. ஜியோ 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்ப எட்டு ஊரு, தமிழ்நாட்டுல சென்னை மட்டும்தான், அப்பறம்தான் மத்த ஊருக்கு வந்துச்சு. டவர் பக்கத்துல, நடுவுல மறைப்பு இல்லாம இருந்தா நல்லாவே ஓடும், நான் குறை சொல்லல. ஆனா அதே டவர தெருவே செல்போன்லயும் உறிஞ்சும். அக்காவுக்கு அப்லோடு வேலை, அதனால கோரிமேட்டுக்கு ஃபைபர முதல் லைனாவும் ஏர்ஃபைபரோ செல்போன் ஹாட்ஸ்பாட்டோ ரெண்டாவதாவும் வெச்சுக்கறது நல்லது. ரெண்டு ஃபைபர் கம்பெனி போட்டு பிரயோசனம் இல்லாம கூட போகும், ரெண்டும் ஒரே ஈபி கம்பத்துல தொங்கும், உயரமா லோடு ஏத்துன ஒரே லாரி ரெண்டையும் இழுத்துட்டு போவும். ஆடி மாசம் குகைப் பக்கம் வண்டி வேடிக்கைக்கு ஒயரத் தூக்கிப் பிடிக்கற கூட்டத்தை பாத்திருக்கீங்கல்ல, சாமி வண்டிக்கு தூக்குவாங்க, லாரிக்கு யாரு தூக்கறது.

மலைமேல_காப்பி:
கீழ இருக்கறவங்க பேசி முடிச்சாச்சா? மேல நான் சொல்றேன். ஏற்காட்டுல சின்னதா ஒரு ஹோம்ஸ்டே வெச்சிருக்கேன், புக்கிங் எல்லாம் நெட்ல, வர்ற பெங்களூர் பசங்க பாத்ரூம் எங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி வைஃபை பாஸ்வேர்டு கேக்கறாங்க.

இங்க எதிரி யாருன்னா முதல்ல குரங்கு. கேபிள்ல ஊஞ்சல் ஆடும், போரடிச்சா கடிக்கும். அடுத்து சில்வர் ஓக். காப்பிக்கு நிழலுக்கு வெச்ச மரம் ஒவ்வொன்னும் கம்பத்தை விட உயரம், காத்துல ஒரு கிளை விழுந்தா கரண்டு ஒயரு, நெட்டு ஒயரு ரெண்டும் சேந்து தரையில. நீங்க வர்றதா சொல்ற ஏப்ரல் மே தான் எங்களுக்கு கோடை மழை, சாயங்காலம் மூணு மணிக்கு மேல இடி மின்னல் பின்னி எடுக்கும். பழைய போன் லைன் காலத்துல செம்பு ஒயர் வழியா மின்னல் இறங்கி மூணு மோடம் செத்துச்சு எனக்கு. ஃபைபர்ல அந்த பயம் இல்ல, கண்ணாடியில கரண்டு போவாது, ஆனா அடாப்டர் வழியா வரும். அதனால வானம் கறுத்தா பிளக்க பிடுங்கிட்டு ரௌட்டர மினி யூபிஎஸ்ல ஓட்டுங்க, 12 வோல்ட் 2 ஆம்பியர்ல ஒன்னு வாங்குனா போதும், அது இல்லாம மேல வேலை பாக்கறேன்னு சொல்லாதீங்க, கரண்டு போனா எப்ப வரும்னு அந்த சேர்வராயனுக்கே தெரியாது.

அடுத்து ரிப்பேர். லைன்மேன் கீழ சேலத்துல இருக்காரு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறணும், சாயங்காலம் பனி இறங்கிருச்சுன்னா "காலைல வர்றேன்ங்க"ன்னுதான் பதில் வரும், அவரையும் குத்தம் சொல்ல முடியாது, ராத்திரி காட்டெருமை ரோட்டுல நின்னா நானே வண்டிய திருப்பிருவேன். எங்க லைன் போன மழையில எட்டு நாள் செத்துக் கிடந்துச்சு, கம்பெனி பேர் வேணாம்.

எங்க இடத்துல மேலயே தங்கியிருக்கற ஒரு ஆளு லைன் பாக்கறாரு, அதான் நான் அந்தக் கனெக்‌ஷனுக்கு மாறுனேன், வேகம் பழசை விட கம்மிதான், ஆனா போன் பண்ணா டார்ச் அடிச்சுட்டு வருவாரு. பிஎஸ்என்எல் பாரத் ஃபைபரும் பல ஊர்ல உள்ளூர் பார்ட்னர் மூலமாத்தான் தர்றாங்க, உங்க பக்கத்துக்கு யாரு பார்ட்னர்னு விசாரிங்க. தமிழ்நாட்டுல 12,525 கிராம ஊராட்சிக்கும் ஃபைபர் இழுக்கற பாரத்நெட்ங்கற மத்திய அரசுத் திட்ட வேலை டான்ஃபினெட்ங்கற மாநில அரசு கம்பெனி கையில இருக்கு, உங்க ஊராட்சி ஆபீஸ்ல அந்த ஃபைபர் பெட்டி வந்து உயிரோட இருக்கான்னும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.

ஏர்ஃபைபர் போடறதா இருந்தா அந்த ஓட்டு வீட்டுத் திண்ணையில அதே கம்பெனி சிம்ம வெச்சு ஒரு நாள் முழுக்க பாருங்க. மலையில டவர் தெரியுதுன்னா எல்லாம், தெரியலைன்னா ஒன்னுமில்ல. அதுவும் மே மாசம் கோடை விழாவுக்கு கூட்டம் ஏறுற நாள்ல பாத்துருங்க, அன்னைக்கு ஒரு வாட்ஸப் போட்டோ போறதுக்குள்ள காப்பி ஆறிரும்.

கோரிமேடு_மருமக:
காட்டெருமை வரைக்கும் வந்தாச்சு, அத்தைகிட்ட சொல்லல. சரி, கஸ்டமர் கேர் பத்தி யாரும் சரியா சொல்லலையே? கூகுள்ல ஒரே கம்பெனிக்கு அஞ்சு ஸ்டாரும் இருக்கு, ஒரு ஸ்டாரும் இருக்கு. எதை நம்பறது?

ஃபைபர்_ஒட்டுறவன்:
அஞ்சு ஸ்டார்ல பாதி மாட்டுன அன்னைக்கே வாங்குனது அக்கா. நானே கேட்டு வாங்கியிருக்கேன், "மேடம் ஒரு அஞ்சு ஸ்டார் போடுங்க, இல்லன்னா எனக்கு இன்சென்டிவ் கட்"னு. புது லைன் முதல் நாள் யாருக்குத்தான் ஓடாது. அதனால கனெக்‌ஷன் குடுத்ததை பாராட்டி எழுதுனதை விட்டுட்டு, லைன் கட்டாகி எத்தனை நாள்ல வந்தாங்கன்னு எழுதுனதை மட்டும் படிங்க, அதுவும் சேலம் ஆளுங்க எழுதுனதா பாருங்க.

இன்னொன்னு, ரிப்பேருக்கு வர்றவன் புகாரை மூட ஓடிபி கேப்பான். லைட்டு பச்சையாகி நீங்க ஒரு வீடியோ ஓட்டிப் பாக்கற வரைக்கும் குடுக்காதீங்க. சிலர் போன்லயே கேப்பாங்க, "மேடம் நாளைக்கு காலைல வர்றேன், இப்ப ஓடிபி சொல்லுங்க"ன்னு. சொன்னீங்க, கணக்குல சரியாயிருச்சு, கொலுசண்ணனுக்கு வந்த எஸ்எம்எஸ் எப்படி வந்துச்சுன்னு இப்ப புரியுதா?

செவ்வாப்பேட்டை_கொலுசு:
அடப்பாவி! ஆமா, எங்க அம்மாகிட்ட ஒருத்தன் போன்ல நம்பர் கேட்டான்!!

மெய்யனூர்_மாமா:
ரிட்டயர்டு ஆளு, நேரம் நிறைய இருக்கு, இந்த மாதிரி புகாரெல்லாம் எழுதிப் பழக்கம். போன்ல கத்துறதுல ஒன்னும் வராதும்மா. கஸ்டமர் கேர்ல டாக்கெட் நம்பர், அதான் புகார் நம்பர், வாங்கு, எழுதி வெச்சுக்க. சரியாகலையா, அதே கம்பெனியில அப்பலேட் அத்தாரிட்டின்னு மேல்முறையீடு கேக்கற ஒன்னு இருக்கு, டிராய்ங்கற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தோட 2012 விதிப்படி கட்டாயம் வெச்சிருக்கணும், 30 நாளுக்குள்ள அப்பீல் போடணும், காசு கிடையாது, 39 நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். நிறைய பேரு நேரா டிராய்க்கு எழுதுறாங்க, டிராய் தனி ஆள் புகாரை விசாரிக்காது, கம்பெனிக்குத்தான் திருப்பி அனுப்பும். அதுக்கும் மேல நுகர்வோர் கோர்ட். முன்ன டெலிகாம் கேஸ் அங்க போவாதுன்னு சொல்லி தட்டிக் கழிப்பாங்க, 2022ல சுப்ரீம் கோர்ட்டே போலாம்னு சொல்லிருச்சு.

நான் ஒரு தடவை அப்பீல் வரைக்கும் போயி 11 நாள் வாடகைய பில்லுல கழிச்சேன், முன்னூத்தி சொச்சம் ரூபா. வீட்ல அம்மணி "இதுக்கா ஒரு மாசம் டைப் அடிச்சீங்க"ன்னாங்க.

அப்பறம் ஆறு மாசம் ஒரு வருசம்னு மொத்தமா கட்டுனா ஆஃபர்னு சொல்வாங்க. முதல்ல மாசக் கணக்குல ஒரு ரெண்டு மாசம் ஓட்டிப் பாரு. விளம்பரத்துல போடற தொகைக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், அதையும் சேத்து கணக்கு போடு.

கோரிமேடு_மருமக:
எல்லாருக்கும் நன்றி, ஞாயித்துக்கிழமை பூரா இதே வேலையா சுத்துனோம். கோரிமேட்டுல புது வீட்டுக்கு வலது பக்கம் இருக்கற அக்கா ஒரு கம்பெனி, இடது பக்கம் டீச்சர் வேற கம்பெனி. ராத்திரி ஒன்பது மணிக்கு ரெண்டு வீட்டுக்கும் போயி டெஸ்ட் போட்டேன், ரெண்டு வீட்லயும் டீ குடுத்தாங்க. வேகம் ரெண்டும் ஒன்னுதான். ஆனா டீச்சர் வீட்டு லைனுக்கு ஒயரு பாக்கற தம்பி நம்பர் ஃபிரிட்ஜ் மேல பேனாவுல எழுதி ஒட்டியிருக்கு, அக்கா வீட்ல கேட்டா 1800ல ஆரம்பிக்கற நம்பர சொல்றாங்க. டீச்சர் லைனே போட்டுடலாம்னு முடிவு.

மேல நாகலூருக்கு இன்னும் போகல, சிம் வெச்சு பாக்க அடுத்த வாரம் ஏறுறோம், மலைமேல அண்ணா உங்க டார்ச் ஆளு அந்தப் பக்கம் வருவாரான்னு மட்டும் கேட்டு சொல்லுங்க.

அந்தத் தம்பிக்கு போன் பண்ணிட்டேன். மீட்டர் எடுத்துட்டு வாப்பா, -20 வேணும்னேன், ஒரு நிமிசம் அமைதியா இருந்துட்டு "மேடம் நீங்க கம்பெனி ஆளா"ன்னு கேட்டான். நாளைக்கு காலைல பத்து மணிக்கு வர்றேன்னிருக்கான். டீச்சர்கிட்ட சொன்னேன், அப்ப மதியம் சாப்பாட்டுக்கு மேல வருவான்னாங்க.