கேபிளை வெட்டின ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ? (டொராண்டோ)

வணக்கம் உறவுகளே. ஸ்காபரோவில இருக்கிறம். கேபிள் பில் கட்டிக் கட்டி அலுத்துப்போச்சு. நிப்பாட்டிப்போட்டு ஸ்ட்ரீமிங்கோட மட்டும் இருப்பம் எண்டு யோசனை. சிபிசி, சிடிவி, குளோபல் எல்லாம் அன்டெனாவில சும்மா வரும், அதில கவலையில்லை.

குழப்பம் வேற. 2023 ஏப்ரலில சி-11 எண்ட, ஸ்ட்ரீமிங் சேவையளையும் ஒளிபரப்பு விதியளுக்குள்ள கொண்டுவாற சட்டம் நிறைவேறினது. அதை வைச்சு 2024 ஜூனில சிஆர்டிசி (கனடாவில ஒளிபரப்பைக் கட்டுப்படுத்திற அமைப்பு) ஒரு கட்டளை போட்டது: கனடாவில வருசம் 25 மில்லியன் டொலர் அல்லது அதுக்கு மேல உழைக்கிற, இங்கத்தைய ஒளிபரப்பாளரோட சேராத ஸ்ட்ரீமிங் சேவையள் அந்த வருமானத்தில 5 வீதத்தை உள்ளூர்த் தயாரிப்புகளுக்குக் குடுக்கவேணும். அமேசான், ஆப்பிள், ஸ்பொட்டிஃபை எல்லாம் கோர்ட்டுக்குப் போட்டினம். கேபிள்காரர் இப்பிடிக் கனகாலமாக் கட்டினம்தானே, எனக்கு இது அநியாயமாத் தெரியேல்லை. ஆனா கடைசியில எங்கட தலையில கட்டுவினமோ?

கேபிளை விட்ட ஆக்கள் சொல்லுங்கோ: பிறகு உங்கட மாசச் செலவு உண்மையிலேயே குறைஞ்சதோ? அந்த 25 மில்லியனுக்குக் கீழ நிக்கிற சின்னத் தமிழ்ச் சேவையளில விலை ஏறினதோ? அம்மாவுக்குச் சீரியல் கட்டாயம் வேணும். கள்ளப் பெட்டி மட்டும் வேண்டாம், சட்டப்படி எடுக்கக்கூடியது எது?